அம்மாவின் இரண்டு காலும் பின்னேரத்தில் அதைக்குது. தண்ணிக் குளிசை குடுக்கலாமா?

உப்புவெளி_மகள்:

அம்மாவுக்கு வயது 67. பிரசர், சீனி இரண்டும் இருக்கு. ஆறு கிழமையாக இரண்டு கரண்டைக்காலும் அதைக்குது. காலமை எழும்பேக்க பெரும்பாலும் வத்தியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடிக்கூடிப் போய், பின்னேரம் செருப்பின் வார் காலில் பள்ளமாகப் பதிஞ்சிருக்கும். பெருவிரலால் அமத்தினால் குழி விழும், மெல்லத்தான் நிரம்பும். நோவு, சிவப்பு, காய்ச்சல் ஒன்றும் இல்லை. ஒரு தலையணையோட நல்லா நித்திரை கொள்றா.

கிளினிக் கொப்பியில் உள்ள மருந்துகள்: பிரசருக்கு அம்லோடிபின் 10 மி.கி. (மூன்று மாதத்துக்கு முதல் 5இல் இருந்து கூட்டினவை), அதுக்கே லொசார்டன் 50 மி.கி., சீனிக்கு மெட்ஃபோமின் 500 மி.கி. இரண்டு நேரம், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவாஸ்டட்டின் 20 மி.கி. இரவில். இதுக்கு மேல முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனக் 50 மி.கி. கிழமையில் நாலைந்து நாள், தண்ணியில் கரைக்கிற பரசிற்றமோல் இடைக்கிடை.

அடுத்த கிளினிக்குக்கு இன்னும் ஐந்து கிழமை கிடக்கு. பக்கத்து வீட்டில் ஃபுருசமைட் என்ற தண்ணிக் குளிசை (சலத்தைக் கூட்டுறது) 40 மி.கி. மிச்சம் இருக்கு, அதில் பாதி குடுத்துப் பார்க்கச் சொல்லீனம். குடுக்கலாமா? இறுக்கமான சொக்ஸ் வாங்குவதென்றால் எந்த அளவு? கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்க வார்த்தால் வத்தும் என்று சொல்வதும் சரியா?


வெள்ளைத்தொப்பி:

தங்கச்சி, பக்கத்து வீட்டுக் குளிசையை அங்கேயே வையுங்கோ. கால் வீக்கத்துக்கு ஒரு பெயர்தான், காரணம் பத்துப் பன்னிரண்டு. எந்தக் காரணம் என்று தெரியாமல் தண்ணியை இறக்கினால் கால் வத்தாமல் ஆள் வத்திப் போவா.

முதலில் காலைப் பாருங்கோ. கரண்டைக்கு 5 செ.மீ. மேலே, முன்பக்க எலும்பின் உட்பக்கத்தில் பெருவிரலை வைத்து 10 வரைக்கும் எண்ணி அமத்துங்கோ. சதையில் அமத்தினால் ஒன்றும் தெரியாது, எலும்பு இருக்கிற இடமாக வேணும். 2 மி.மீ. குழி என்றால் லேசு, 8 மி.மீ.க்குப் போனால் கடுமை. முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கோ, தொடை வரைக்கும் போயிருக்கோ என்று மேலே மேலே அமத்திப் பாருங்கோ. படுக்கையிலேயே இருக்கிற ஆளுக்குக் காலில் தேடுவது பிழை, தண்ணி முதுகின் அடியில் இறங்கியிருக்கும்.

பிறகு அளவு. உள் கரண்டை எலும்பில் இருந்து 10 செ.மீ. மேலே பேனாவால் ஒரு கோடு போட்டு, தையல்காரர் பாவிக்கிற அளவு நாடாவால் சுற்றளவு எடுங்கோ. இரண்டு காலுக்கும், காலமையும் பின்னேரமும். நிறையையும் ஒவ்வொரு நாளும் பாருங்கோ: காலமை சலம் போன பிறகு, தேத்தண்ணி குடிக்க முதல், ஒரே தராசில், ஒரே மாதிரி உடுப்போட. ஒரு கிலோ திடீரென்று ஏறினால் அது சோறு அல்ல, ஒரு லீற்றர் தண்ணி. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

கால் வீக்கத்தோட கீழே சொல்றதில் ஏதும் ஒன்று வந்தால் அண்டைக்கே ஆஸ்பத்திரி. நடக்க ஏலாது என்றால் 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்லாமல் வரும். படுத்தால் மூச்சு முட்டி எழும்பி இருக்கிறது, நெஞ்சு நோவு, ஒரு கால் மட்டும் திடீரென்று பருத்து நோகிறது, கால் சிவந்து சுட்டுக் காய்ச்சல் வருகிறது, சலம் திடீரென்று குறைகிறது. இவ்வளவு அவசரம் இல்லாட்டியும் இரண்டொரு நாளுக்குள் காட்ட வேண்டியவை: காலமையில் கண்ணைச் சுற்றி வீங்கிறதும் சலம் சவர்க்கார நுரை மாதிரி நுரைக்கிறதும் சேர்ந்தால் சிறுநீரகத்தால் புரதம் போகுது. வயிறு ஊதி, கண் மஞ்சளானால் ஈரல்.

உங்கட அம்மாவுக்கு இரண்டு காலும், நோவில்லை, இரவில் வத்துது, மூச்சு சரி. அம்லோடிபின் கூட்டினது மூன்று மாதத்துக்கு முதல். என்ர சந்தேகம் அந்தக் குளிசையில்தான். மருந்து விசயத்தை பாமசிப்_பலகை வந்து சொல்லட்டும். ஆனால் ஐந்து கிழமை பொறுக்க வேண்டாம். கொப்பியைக் கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், முழு சலப் பரிசோதனை, கிரியற்றினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், அல்புமின் (இரத்தப் புரதம்), ஈ.சி.ஜி. இவ்வளவும் கேளுங்கோ. இதில் ஏதும் பிசகினால் எக்கோ (இருதய ஸ்கான்) எடுக்கச் சொல்லுவினம். தைரொயிட் பார்த்துக் கனகாலம் என்றால் அதையும் சேர்க்கலாம்.


பாமசிப்_பலகை:

பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அம்லோடிபின். இது சிறு நாடிகளை விரிக்கும். இரத்தம் உள்ளே வரும் வாசல் அகலமாகிறது, வெளியே போகும் நாளப் பக்கம் அதே அளவுக்கு அகலமாவதில்லை. இடையில் உள்ள மயிர்த்துளைக்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து தோலுக்கடியில் தேங்குகிறது. நின்றால் கரண்டையில் அழுத்தம் இன்னும் கூடும், அதனால்தான் பின்னேரம் அதைப்பும் காலையில் வற்றலும். அளவோடு சேர்ந்து ஏறும் தொல்லை இது: மருந்தின் தகவல் தாளில் உள்ள கணக்கின்படி 5 மி.கி. குடிப்பவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கும், 10 மி.கி. குடிப்பவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கும் வீக்கம் வந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட. நிஃபெடிபினும் இதே குடும்பம், இதே தொல்லை.

இங்கேதான் ஃபுருசமைட் கதை பிழைக்கிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் கூடிப் போயிருந்தால் அதை வெளியேற்ற அந்தக் குளிசை. அம்லோடிபின் வீக்கத்தில் உடம்பில் தண்ணீர் கூடவில்லை, இருக்கிற தண்ணீர் இடம் மாறிக் கசிந்திருக்கிறது. குளிசை கொடுத்தால் இரத்தத்தில் உள்ள தண்ணீர் போகும், கால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பாதி கொடுப்பார்கள். பிறகு எழும்பும்போது தலைசுற்று, விழுகை, தசைப் பிடிப்பு, பொட்டாசியம் இறக்கம். கால் வீக்கத்துக்குத் தண்ணிக் குளிசை, அதனால் வந்த பிடிப்புக்கு இன்னொரு குளிசை என்று கொப்பி நிரம்பிய கதைகள் நிறைய.

வழமையான தீர்வு அளவை 5 மி.கி.க்கு இறக்கி, லொசார்டனைக் கூட்டுவது அல்லது வேறு வகைப் பிரசர்க் குளிசைக்கு மாற்றுவது. லொசார்டன் வகை நாளப் பக்கத்தையும் கொஞ்சம் தளர்த்துவதால் கசிவும் குறையும். இதை டொக்டர்தான் செய்ய வேண்டும். நீங்களாக அம்லோடிபினை நிறுத்தாதீர்கள். ஒரு கிழமைக்குள் பிரசர் பழைய இடத்துக்கு ஏறிவிடும், கால் வற்றிய சந்தோசத்தில் ஒருவரும் அளந்து பார்க்க மாட்டார்கள். மாற்றிய பிறகும் வீக்கம் மறுநாளே போகாது. அந்த மருந்து உடம்பில் பாதியாக 30 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும், கால் இறங்க ஒன்றிரண்டு கிழமை கொடுங்கள்.

டைக்ளோபெனக். இதற்கு டொக்டரைக் கேட்கக் காத்திருக்கத் தேவையில்லை, இன்றோடு விடுங்கள். இந்த வகை நோவுக் குளிசைகள் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்து வைக்கும், பிரசரை ஏற்றும். ஒருவேளை அம்லோடிபின் 5 போதாமல் 10 ஆனதற்கே இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் இது இல்லாததால் அவருக்குத் தெரிந்திருக்காது. லொசார்டன், டைக்ளோபெனக், அதற்கு மேல் ஃபுருசமைட்: இந்த மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் மூன்று பக்கத்தாலும் நெருக்கப்படும். வயிற்றோட்டம் ஒன்றும் அதோடு சேர்ந்தால் இரண்டொரு நாளில் கிரியற்றினின் ஏறிவிடும். மெட்ஃபோமினும் குடிக்கும் ஆளுக்கு அது இன்னும் கெட்ட நேரம். முழங்காலுக்குப் பூசுகிற ஜெல் பாவிக்கலாம், தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. ஐபுபுரொஃபென், மெஃபெனமிக் அசிட் எல்லாம் இதே கூட்டம், பெயர் மாற்றி வாங்காதீர்கள்.

கரையும் பரசிற்றமோல். ஒருவரும் யோசிக்காத இடம். தண்ணீரில் போட்டால் பொங்குகிற குளிசை ஒன்றில் ஏறக்குறைய 400 மி.கி. சோடியம் இருக்கிறது. நாளுக்கு ஆறு கரைத்துக் குடித்தால் 2400 மி.கி., ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேரலாம் என்ற 2000 மி.கி. வரம்பை மருந்தே தாண்டிவிடும். சாதாரண வெள்ளைக் குளிசைக்கு மாறுங்கள்: 500 மி.கி. இரண்டு, நாளுக்கு மூன்று தரம் போதும். வயிற்றெரிவுக்குக் குடிக்கிற பொங்கும் தூள்களுக்கும் இதே கணக்குத்தான்.

மெட்ஃபோமின், அட்டோவாஸ்டட்டின் இரண்டும் காலை வீங்கச் செய்வதில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்காக: பிரெட்னிசொலோன், சீனிக்குக் கொடுக்கிற பயோகிளிற்றசோன், நரம்பு நோவுக்குக் கொடுக்கிற பிரிகபலின், கபபென்ரின் எல்லாம் கால் வீக்கத்தைக் கொண்டு வரக் கூடியவை.


உப்புவெளி_மகள்:

டைக்ளோபெனக்கை நிப்பாட்டியாச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன். அதுவரைக்கும் சொக்ஸ் போடலாமா? கடையில் 15–20 என்றும் 20–30 என்றும் இரண்டு பெட்டி காட்டினவை. வீட்டில் கிரேப் பண்டேஜும் ஒன்று கிடக்கு.


கெண்டைத்தசை:

அக்கா, மருந்தால் வந்த வீக்கத்துக்குச் சொக்ஸ் ஒட்டுப் போடுறது மாதிரிதான், மூல வேலை குளிசையை மாத்துறது. நாள வால்வு பழுதான கால், கனநேரம் நிக்கிற கால், நிணநீர் வீக்கம் இதுகளுக்குத்தான் அது முதல் மருந்து. ஆனாலும் கேட்டபடியால் முழுக்கச் சொல்றன், பிழையாப் போட்டு வாற காயம் கொஞ்சமில்லை.

பெட்டியில் இருக்கிற இலக்கம் கரண்டையில் விழுற அழுத்தம், பிரசர் பார்க்கிற அதே அலகு. 15–20 லேசானது, நின்று வேலை செய்றவங்க, தூரப் பயணம் போறவங்க பாவிக்கிறது. 20–30 வைத்தியர் சொன்னால் மட்டும். உங்கட அம்மாவுக்குச் சீனி இருக்கு, அதனால் 15–20 கூட, காலுக்கு இரத்தம் போற வழி திறந்திருக்கா என்று பார்க்காமல் போடக் கூடாது. நாளைக்குப் போறபோது பாதத்தின் மேற்பக்கத்திலயும் உள் கரண்டைக்குப் பின்னாலயும் நாடி துடிக்குதா என்று பார்க்கச் சொல்லுங்க. சந்தேகம் என்றால் கரண்டைப் பிரசரைக் கைப் பிரசரால் பிரிச்சு ஒரு இலக்கம் எடுப்பாங்க. 0.8க்கு மேல இருந்தால் தைரியமாப் போடலாம், 0.5க்குக் கீழ என்றால் கட்டே கூடாது, இடையில் என்றால் நிபுணர் பார்த்துச் சொல்லணும். சீனிக்காரருக்கு நாடிச் சுவரில் கல்சியம் படிஞ்சு அந்த இலக்கம் பொய்யாக் கூடிக் காட்டும், அதால இலக்கத்தோட விரலின் நிறம், சூடும் பார்க்கணும். நடக்கேக்க கெண்டை பிடிச்சு, நின்றால் விடுதா? படுக்கையில் காலைத் தூக்கினால் நோகுதா? ஆமெண்டால் சொக்ஸும் வேண்டாம், கட்டும் வேண்டாம்.

அளவு எடுக்கிறது காலையில், கட்டிலை விட்டு இறங்க முதல். பின்னேரம் அதைச்ச காலில் எடுத்த அளவுக்கு வாங்கினால் காலையில் தொளதொளவென்று நிக்கும். மூன்று இடம்: கரண்டைக்கு மேல ஆக மெலிஞ்ச இடம், கெண்டையில் ஆகப் பருத்த இடம், குதியில் இருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். இந்த மூன்றையும் பெட்டிப் பின்பக்க அட்டவணையில் வச்சுப் பாருங்க. செருப்பு அளவைச் சொல்லி வாங்கினால் பிழைக்கும். கால் இரண்டும் ஒரே அளவில்லை என்றால் இரண்டு சோடி வாங்கவும் வேண்டி வரும்.

போடுற விதம்: சொக்ஸை உட்பக்கம் வெளியே வரக் குதி வரைக்கும் புரட்டுங்க. பாதத்தை நுழைச்சு, குதிப் பை குதியில் சரியாக இருக்கா என்று பார்த்துவிட்டு மெல்ல மேலே உருட்டி விடுங்க. சட்டி கழுவிற றப்பர் கையுறை போட்டால் பிடி கிடைக்கும், நகமும் கிழிக்காது. முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிப்பாட்டணும். நீளம் கூடினது என்று மேல் விளிம்பை மடிச்சு விடுறதுதான் எல்லாரும் செய்ற பிழை. மடிப்பில் அழுத்தம் இரண்டு மடங்காகி, கயிறு கட்டின மாதிரி ஆகும், கீழே இன்னும் வீங்கும். கழற்றுறது படுக்கப் போகேக்க. பூசுற பராஃபின் களிம்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் இரவில் மட்டும், காலையில் பூசினால் இறப்பர் நூல் தளர்ந்து போகும். ஒவ்வொரு நாளும் போட்டால் ஆறு மாதத்தில் இழுவை போயிரும்.

கிரேப் பண்டேஜ். 10 செ.மீ. அகலமானது எடுங்க. பாதத்தை நேர்கோணமாக, நிமிர்த்தி வச்சபடிதான் கட்டணும். பாதம் கீழே தொங்கினபடி கட்டினால் எழும்பி நடக்கேக்க கரண்டை மடிப்பில் வெட்டும். தொடக்கம் விரல்களின் அடியில், இரண்டு சுற்று. பிறகு குதியைச் சுற்றி எட்டுப் போல, குதி வெளியே தெரியக் கூடாது. அங்கிருந்து மேலே, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூட. இழுவை எல்லா இடத்திலும் ஒரே அளவு. கரண்டை மெலிவு, கெண்டை பருமன், அதனால் ஒரே இழுவையில் கரண்டைக்குத்தான் அழுத்தம் கூட விழும், மேலே போகப் போகக் குறையும். தண்ணி மேலே ஏற அந்தச் சரிவுதான் தேவை. கட்டுறவர் களைச்சுப் போய் கடைசிச் சுற்றை இழுத்து இறுக்கினால் அந்தச் சரிவு தலைகீழாகும்.

கரண்டையில் இருந்து தொடங்கினால் பாதம் பணியாரம் மாதிரி உப்பும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டால் அந்த இடைவெளியால் சதை பிதுங்கிக் கொப்புளம் வரும். முடிவில் ஊசி குத்தாமல் பிளாஸ்டர் ஒட்டுங்க. கால் மணித்தியாலம் கழிச்சுப் பெருவிரல் நகத்தை அமத்தி விடுங்க: மூன்று செக்கனுக்குள் நிறம் திரும்பணும். விரல் நீலமானால், மரத்தால், நொந்தால் உடனே கழற்றுங்க. சீனியால் விறைப்புப் பிடிச்ச காலில் நோவு தெரியாது, அதனால் கண்ணால் பார்க்கிறதை விடக் கூடாது. கிரேப் துணி சில மணித்தியாலத்தில் தளர்ந்துடும், மத்தியானம் ஒருக்காக் கழற்றித் திரும்பக் கட்டணும்.

இதையெல்லாம்விடச் செலவில்லாத வேலை, காலை உயர்த்துறது. ஆனால் கதிரையில் இருந்து முக்காலியில் கால் வைக்கிறது உயர்த்துறதில்லை! கரண்டை நெஞ்சைவிட மேலே போகணும். பாயில் மல்லாக்கப் படுத்து, கெண்டை முழுக்கத் தாங்குற மாதிரித் தலையணைகளை அடுக்குங்க, குதி மட்டும் காத்தில் நிக்கட்டும், இல்லாட்டிக் குதியில் புண் வரும். அரை மணித்தியாலம், நாளைக்கு மூன்று தரம். இரவுக்குக் கட்டிலின் கால்மாட்டுக் கால் இரண்டுக்கும் கீழே 10–15 செ.மீ. உயரத்துக்குக் கல் வைக்கலாம். இருதய வருத்தத்தால் படுத்தால் மூச்சு முட்டுறவங்களுக்கு இந்தக் கல் வேலை கூடாது, காலில் இருக்கிற தண்ணி நெஞ்சுக்குப் போகும்.

கெண்டைத் தசைதான் காலின் பம்ப். இருந்தபடி பாதத்தை மேலும் கீழும் மணித்தியாலத்துக்கு 30 தரம் ஆட்டுங்க. குசினி மேசையைப் பிடிச்சுக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குங்க, 15 தரம், இடையில் ஓய்வு விட்டு மூன்று சுற்று. திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போறவங்க ஏறினதில் இருந்து இறங்கும் வரைக்கும் பாதத்தை ஆட்டாமல் நித்திரை கொண்டால், விடிய இறங்கேக்க செருப்புக் கொள்ளாது.


வெள்ளைத்தொப்பி:

கன்னியாக் கேள்வியை எல்லாரும் விட்டிட்டினம். ஏழு கிணற்றிலும் ஆசைக்குக் குளிக்கட்டும், வீக்கத்துக்கு மருந்தாக வேண்டாம். சூடு நாளங்களை விரிக்கும், வீக்கம் கூடும். சீனியால் விறைத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் கூடாது, சுட்டது அடுத்த நாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிய வரும்.

இதே காரணத்தால்தான் கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் கால் வீக்க முறைப்பாடு கூடும். அந்த வெக்கையில் சொக்ஸ் போட ஏலாது என்பினம். காலமை ஆறு மணிக்குப் போட்டு மத்தியானத்தோட கழற்றினாலும் பாதிப் பலன் கிடைக்கும். போட்ட சொக்ஸின் மேலே தண்ணி தெளிக்கலாம், ஈரம் காயக் காயக் குளிரும்.


மூதூர்_துறை:

கேட்டதோட கேட்டதா: எங்கட உம்மாவுக்கு இடது கால் மட்டும். நாலு நாளா. இடுப்பு முறிஞ்சு ஒப்பரேசன் செஞ்சு மூணு கிழமை. எண்ணெய் போட்டு உருவி விடச் சொல்றாங்க.


வெள்ளைத்தொப்பி:

உருவ வேண்டாம். இண்டைக்கே ஆஸ்பத்திரி. ஒப்பரேசனுக்குப் பிறகு படுக்கையில் இருந்த ஆளுக்கு ஒரு கால் மட்டும் வீங்கினால், ஆழ் நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கு என்று எடுத்துக்கொண்டுதான் மற்ற வேலை. முழங்காலுக்குக் கீழே முன்னால் துருத்தி நிக்கிற எலும்பு மேட்டில் இருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கெண்டையையும் அளந்தால், 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அளந்து பார்த்து வித்தியாசம் இல்லாட்டியும் போகத்தான் வேணும். டொப்ளர் ஸ்கானில் தெரிஞ்சிடும். உருவினால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகலாம். மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால் வாகனம் தேடி நேரத்தைப் போக்காமல் 1990.


கிண்ணியா_நூல்:

என்னுடையது சின்னக் கேள்வி. இரண்டு காலும் வீங்கினால் யானைக்கால் என்று பயப்பட வேணுமா?


வெள்ளைத்தொப்பி:

யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து இலங்கை ஒழிச்சிட்டுது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவிச்சது. அது இருந்த வட்டாரமும் மேல், தென், வடமேல் மாகாணங்கள்தான். நிணநீர் வீக்கமா என்று பார்க்க ஒரு வழி: இரண்டாவது கால்விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கோ. தூக்க ஏலாமல் தடிச்சு இருந்தால் நிணநீர். அந்தக் காலுக்குத் தண்ணிக் குளிசை பலன் தராது, ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் ஒற்றிக் காய வைக்கிறதுதான் பாதி வைத்தியம். இடுக்கில் சேத்துப்புண் வெடிச்சால் குளோட்ரிமசோல் களிம்பு பூசுங்கோ. கிருமி உள்ளே போற வாசல் அதுதான்.

கர்ப்பிணிகள் இருந்தால் அவைக்கும் ஒரு வரி: பின்னேரத்தில் கால் வீங்கிறது அநேகம் பேருக்கு வாறது. முகமும் கையும் வீங்கினால், தலையிடி, கண் மங்கல் இருந்தால், பிரசர் 140/90ஐத் தொட்டால், அடுத்த கிளினிக் நாளைப் பார்க்காமல் அண்டைக்கே போய்க் காட்டுங்கோ.


சொதிச்சட்டி:

உப்பைப் பற்றி ஒருத்தரும் விரிவாக் கதைக்கேல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தட்டி மட்டமாக்கின ஒரு தேக்கரண்டி. கறியில் போடுறது மட்டுமில்லை, எல்லாம் சேர்த்து.

தேக்கரண்டியால் அளந்து சமைக்கிற வீடு எங்க இருக்கு? பக்கற்றைக் கணக்குப் பாருங்கோ. நாலு பேர் வீட்டுக்கு 400 கிராம் உப்புப் பக்கற் ஒன்று 20 நாளைக்கு வந்தாலே வரம்பு முடிஞ்சுது. அதுக்கு மேல கருவாடு, மாசி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், பாண், ரோல்ஸ், சூப் கட்டி எல்லாம் வருது. அதனால் ஒரு பக்கற் ஒரு மாதமாவது போகவேணும். உடைக்கிற திகதியைப் பக்கற்றில் எழுதி வச்சால் போதும், வேற கணக்குத் தேவையில்லை.

குறைக்கிற இடம்: சோற்றுக்கு உப்புப் போடாதேங்கோ, கறியில் இருக்கிறது காணும். சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டினால் உப்புக் குறைஞ்சது நாக்குக்குத் தெரியாது. சொதிக்கும் அப்படித்தான், இறக்கினாப் பிறகு புளி விட்டுக் கடைசியில் உப்புப் போட்டால் அரைவாசி அளவு போதும். கொதிக்கேக்க போட்டது உள்ளே போய் மறைஞ்சிடும், பிறகு திரும்பவும் போடுவீங்கள். கருவாடு இல்லாமல் ஏலாது என்றால் சின்னத் துண்டாக்கிச் சுடுதண்ணியில் அரை மணித்தியாலம் ஊறப் போட்டு, தண்ணியை ஊத்திவிட்டு இன்னொருக்கா ஊறப் போடுங்கோ. உப்பு எல்லாம் போகாது, கிழமைக்கு ஒரு நாளோட நிப்பாட்டவும் வேணும். பச்சை மீன் கரைக்கு வாற ஊரில் இருந்துகொண்டு கருவாட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று எனக்கு விளங்கிறதில்லை.

கடையில் சோடியம் குறைஞ்ச உப்பு என்று விக்கிறதை லொசார்டன் குடிக்கிற ஆளுக்கு வாங்க வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாப் பொட்டாசியம். லொசார்டனும் பொட்டாசியத்தைப் பிடிச்சு வைக்கும், இரண்டும் சேர்ந்தால் இருதயத் துடிப்புக் குழம்பும். இளநி நாளைக்கு இரண்டு மூன்று குடிக்கிறவைக்கும் இதே எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதான ஆளுக்குக் காமரங்காய் ஒரு துண்டும் கூடாது.

தண்ணியைக் குறைக்கிறது எல்லாருக்கும் இல்லை. இருதயமோ சிறுநீரகமோ பழுது என்று டொக்டர் அளவு சொன்னால் மட்டும். மருந்தால் கால் வீங்கின ஆளைத் தாகத்தில் விடாதேங்கோ.


பாமசிப்_பலகை:

நீர்முள்ளி, நெருஞ்சி முள் அவித்த தண்ணீர் பற்றி யாராவது கேட்க முன்னமே சொல்லிவிடுகிறேன். சலம் பெருக்குவதற்கு என்று பரம்பரையாகக் குடிப்பவை. குவளைக்குக் குவளை வலு மாறும், எத்தனை மில்லிகிராம் போகிறது என்று அளக்க வழியில்லை. பிரசர்க் குளிசையோடு சேர்த்துக் குடித்தால் டொக்டருக்குச் சொல்லுங்கள், கிரியற்றினினும் பொட்டாசியமும் பார்க்கட்டும்.

இருதயத்துக்காக டொக்டரே ஃபுருசமைட் எழுதியவர்கள்: காலையில் குடியுங்கள், இரண்டாவது வேளை இருந்தால் மத்தியானம் 2 மணி. குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்கி ஆறு மணித்தியாலம் வேலை செய்யும். இரவில் குடித்தால் இருட்டில் மலசலகூடத்துக்கு எழும்பி விழுவார்கள். தொடங்கி ஒன்றிரண்டு கிழமையில் இரத்தம் பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் வந்த நாளில் இதையும் லொசார்டனையும் மெட்ஃபோமினையும் தொடர்வதா என்று அன்றே கேளுங்கள்.


உப்புவெளி_மகள்:

போய்க் காட்டியாச்சு. சலத்தில் புரதம் இல்லை, கிரியற்றினின், அல்புமின், ஈ.சி.ஜி. எல்லாம் சரி. அம்லோடிபினை 5 ஆக்கி லொசார்டனை 100 ஆக்கினவை. பாதத்து நாடி இரண்டிலும் துடிக்குதாம். கடற்கரையில் நடக்கச் சொல்லியிருக்கினம். வேற ஏதும் கவனிக்க இருக்கா?


பாமசிப்_பலகை:

லொசார்டன் கூட்டியதால் ஒன்றிரண்டு கிழமையில் கிரியற்றினினும் பொட்டாசியமும் திரும்பப் பார்க்க வேண்டும், சீட்டு எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பிரசரை முதல் இரண்டு கிழமை ஒன்றுவிட்ட நாள், இருந்தபடி ஐந்து நிமிடம் ஆறியபின் அளவிடுங்கள். பழைய 10 மி.கி. குளிசைகள் வீட்டில் மிச்சம் இருந்தால் புதிய 5உடன் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.


கெண்டைத்தசை:

நடக்கிறது நல்லது. டச்சுக்குடாப் பக்கம் வெயில் ஏற முதல் அரை மணித்தியாலம். வெறுங்காலோட வேண்டாம், மணலில் கிளிஞ்சல் கிழிச்சாலும் சீனிக்காரருக்குத் தெரியாது. வார் பின்னாலயும் பூட்டுற, அளவு கூட்டிக் குறைக்கக் கூடிய செருப்புத்தான் சரி. கோணேசர் கோயில் ஏற்றமும் கெண்டைக்கு நல்ல வேலை, ஆனால் வெறுங்காலில் சுடுகல்லில் நிக்க வேண்டி வரும், பத்து மணிக்கு முதல் இறங்கிடுங்க.

கடல் அமைதியாக இருக்கிற ஏப்ரல் தொடக்கம் செப்ரெம்பர் வரைக்கும் இடுப்பளவு தண்ணியில் நடக்க ஏலும் என்றால் அதைவிட நல்ல சொக்ஸ் இல்லை. ஒரு மீற்றர் ஆழத்தில் கரண்டையில் விழுற அழுத்தம் கிட்டத்தட்ட 75, பெட்டியில் இருந்த 15–20 எங்க, இது எங்க! மேலே வர வரக் குறையிற சரிவும் தண்ணி தானாவே தருது. கால் மணித்தியாலம் போதும், ஆள் துணையோட. காலில் புண், வெடிப்பு இருந்தால் இறங்க வேண்டாம். இருதயப் பலவீனம் உள்ளவங்களும் இறங்க வேண்டாம், அவ்வளவு இரத்தமும் ஒரேயடியாக நெஞ்சுக்கு ஏறும். வந்ததும் நல்ல தண்ணியில் கழுவி, விரல் இடுக்கைத் துடையுங்க.


வெள்ளைத்தொப்பி:

சுற்றளவுக் கொப்பியை இப்ப நிப்பாட்டாதேங்கோ, இனித்தான் அது பிரயோசனம். இரண்டு கிழமையில் பின்னேர அளவு காலமை அளவுக்குக் கிட்ட வரவேணும். மூன்று கிழமையாகியும் இறங்காட்டி அந்தக் கொப்பியோட திரும்பப் போங்கோ, எக்கோவும் நாள ஸ்கானும் அப்ப கேட்கலாம். பேனாக் கோடு குளிக்கேக்க அழிஞ்சு போகும், ஒவ்வொரு முறையும் கரண்டை எலும்பில் இருந்து 10 செ.மீ. திரும்ப அளந்து போடுங்கோ.